தோடு பாப்பாயி காதில்தான் இருந்தது

பாப்பாயி எனக்கு இருபதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. இதை நான் யாரிடமும் மறைத்தது இல்லை. பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த வருஷம் அது. ஊரே வங்கி வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது, நூறு ரூபாய்க் கட்டு இரண்டை எடுத்து அவள் முந்தானையில் வைத்தவன் நான். திருச்சி காந்தி மார்க்கெட்டில் அன்றைக்கு அப்படிக் கொடுக்க இன்னொரு மண்டிக்காரன் இருந்தானா என்று விசாரித்துப் பாருங்கள். வட்டி கிடையாது. எழுத்து கிடையாது. என் சொல்லும் அவள் சொல்லும்தான்.

என் பெயர் பிச்சமுத்து. தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரியின் மேலே உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தேன். படிப்பு நாலாம் வகுப்பு. அன்றைக்குத் தார் சுமந்த அதே மண்டி இன்றைக்கு என் சொந்தக் கட்டடம். பி.காம். படித்த பிள்ளை கணக்கு எழுதுகிறான். அவன் கூட்டி முடிப்பதற்குள் நான் மனசிலேயே கூட்டிவிடுவேன். ஆனால் இது என்னைப் பற்றிய எழுத்து இல்லை. என்னைப் பற்றி எழுதுவதென்றால் தனிப் புத்தகம் வேண்டும். இது பாப்பாயியைப் பற்றியது.

அவள் உப்பிலியபுரத்துப் பெண். புருஷன் லாரியில் கிளீனர். ஒரே பையனைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். அவள் என் மண்டியில் வாழை இலைக் கட்டு வாங்கிப் பாலக்கரைப் பக்கம் மெஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போடுவாள். தலையில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. வாய் கொஞ்சம் நீளம். இலை எண்ணும்போது அவள் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும். எங்கள் மார்க்கெட்டில் எண்ணும்போது யாரும் 'ஒன்று' என்று தொடங்க மாட்டோம். முதலாவதை 'லாபம்' என்றுதான் சொல்வோம். "லாபம், ரெண்டு, மூணு" என்று பாப்பாயி ஆரம்பித்தால், எனக்கு இனி அலாரம் வேண்டாம் என்பார் எதிர் மண்டி நசுருதீன் பாய்.

அந்த இருபதாயிரம் எதற்கென்றால், பையனுக்குக் கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்க. பையன் பெயர் அன்புச்செல்வன். காலேஜில் படித்துக்கொண்டே ராப் என்று ஒன்று பாடினான். அதில் ராகம் கிடையாது. மார்க்கெட்டில் விலை பேசுவது போலத் தாளத்தில் பேசுவதுதான். எண்ணுகிற அம்மாவைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 'எம்.சி. கொள்ளிடம்' என்று பெயர் வைத்துக்கொண்டான். இரண்டே வருஷத்தில் சென்னை, மலேசியா, துபாய் என்று போய்விட்டான். தமிழ் பேசுகிற ஊரிலெல்லாம் அவன் பாட்டு கேட்டது. அதற்கு முதல் போட்டவன் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

அவன் பெரிய ஆள் ஆன பிறகும் அவள் இலைதான் விற்றாள். கடனை மகன் அடைக்கிறேன் என்றபோது விடவில்லை. நான் வாங்கியது, என் இலைக் காசில்தான் அடைப்பேன் என்றாள். சேர்ப்பாள், ஏதாவது ஒன்று வந்து கரைந்துபோகும். நான் கேட்டதும் இல்லை, அவள் மறந்ததும் இல்லை.

ஒரு நாள், கொள்ளிடத்தின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறோம் என்று சித்தார்த்தன் என்ற உதவி டைரக்டர் மண்டிக்கு வந்தான். குறுந்தாடி, தோளில் துணிப்பை, நல்ல மரியாதை. ஒரு காலைப்பொழுது முழுக்க அவனுக்குச் சொன்னேன். லாரியின் மேல் உட்கார்ந்து வந்ததிலிருந்து ஆரம்பித்து, கடன் கொடுத்தது வரை எல்லாம் சொன்னேன். எங்கள் மார்க்கெட் வழக்கம் ஒன்றையும் சொன்னேன். எங்களுக்குக் கடன் வைத்துவிட்டு ஒருவர் இறந்துபோனால், கொடுத்தவர் மாலையோடு போவார். பாடையை எடுக்கும் முன் குனிந்து, இறந்தவர் காதில், "கணக்கு தீர்ந்தது, நிம்மதியாப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வருவார். அதற்குப் பிறகு அந்த வீட்டாரிடம் யாரும் வாய் திறக்க மாட்டோம். இப்படி நான் எத்தனையோ காதுகளில் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவன் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"இது பெரிய சீன் ஐயா" என்றான்.

"நான் எப்ப வருவேன்?"

"இடைவேளைக்கு முன்னாடி. மறக்கவே மாட்டாங்க."

படம் தை மாதம் வந்தது. என் மண்டி லோடுமேன்கள், கணக்குப்பிள்ளை, டீக்கடைக்காரர், நசுருதீன் பாய் என்று எல்லோருக்கும் என் செலவில் டிக்கெட். நடு வரிசை முழுக்க எங்கள் ஆட்கள். சரியாக நடுவில் நான், புது வேட்டி சட்டையில். பாப்பாயி அதற்கு முன்பே தீபாவளியோடு, பையனோடு சென்னையில் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன் எடுப்பதில்லை. பெரிய இடத்துக்குப் போய்விட்டாள், போகட்டும் என்று நான் இருந்தேன்.

படத்தில் பையன் ரயிலில் கடலை விற்றான். சரி, கதைக்காக என்று விட்டேன். அம்மாவுக்கு இருமல் வந்தது. வைத்தியத்துக்கு மண்டிக்காரரிடம் கடன் வாங்கினாள். அதுவும் சரி. பிறகு அவள் செத்துப்போனாள். மழையில் பாடை கிளம்புகிறது. வெள்ளை வேட்டி, என் மீசை மாதிரியே மீசை, 'மண்டி பிச்சை' என்று பெயர், மாலையோடு ஒரு ஆள் வருகிறான். குனிகிறான். காதருகே போகிறான். அவளுடைய இரண்டு தோட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மீதியை மகன் தரணும்" என்கிறான். அந்த இடத்தில்தான் பையன் முதல் பாட்டைப் பாட ஆரம்பிக்கிறான்.

தியேட்டர் முழுக்க அழுகை. பின்னால் இருந்த ஒருவன் திரையைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அது என்னைத்தான். இந்தப் பக்கம் என் ஆட்கள், அந்தப் பக்கமும் என் ஆட்கள். அத்தனை முழங்காலையும் தாண்டாமல் வெளியே போக முடியாது. இடைவேளை விளக்கு போட்டபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாப்கார்ன் வாங்கப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மார்க்கெட்டில் இலைக்காரப் பெண்கள் பாப்பாயி போட்டோவைப் பெரிதாக்கி மாட்டி மாலை போட்டிருந்தார்கள். செத்ததைக்கூட நமக்குச் சொல்லி அனுப்பவில்லையே, பெரிய இடத்துச் சாவு இப்படித்தான் என்று புலம்பல். படத்தில் பார்த்ததை எல்லோரும் நம்பிவிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு நாள் நானும் நம்பினேன். காதில் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்றுதான் எனக்குத் துக்கம்.

மூன்றாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஐயா, நான் பாப்பாயி பேசுறேன்."

போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரை ஒரு தரம் பார்த்தேன்.

"அன்போட ஆளுங்க வந்து, படத்தை வீட்டு டிவியில போட்டுக் காட்டுனாங்க. என் காதுலேர்ந்து நீங்க தோடு கழட்டுறீங்க. தோடு காதுலதாங்க இருக்கு. இப்பத்தான் தொட்டுப் பார்த்தேன்."

சென்னையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் இருந்தாள். போய்ப் பார்த்தேன். குளிர்சாதனம், பெரிய டிவி, யாரும் உட்காராத சோபா. ஜன்னலில் ராஜகோபுரம் தெரிந்தது. கோபுரத்தைக் கும்பிடலாம், கோயிலுக்குப் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவள் பாடகருடைய பெரியம்மா, அதாவது செத்துப்போன பாப்பாயியின் அக்கா. எதிர்வீட்டு மாமி புளியோதரையோடு வந்து, "உங்க தங்கை பெருமாள் திருவடி சேர்ந்துட்டாளாமே, படத்தைப் பார்த்துட்டு ஒரு வாய் தளிகை இறங்கலைம்மா" என்று அழுதாளாம். இவளும் கூடவே அழுதாளாம்.

"எனக்கு நானே துக்கம் விசாரிச்சிக்கிட்டேங்க" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

விஷயம் இதுதான். உயிரோடு இருக்கிற அம்மாவில் கதை இல்லை என்று படம் எடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அன்பு தன் பணத்தைப் போட்டதோடு, கடன் வாங்கியும் போட்டிருக்கிறான். அம்மா, ஆறே மாசம் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடு என்று காலைப் பிடித்திருக்கிறான். இவளும் சரி என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள்.

"வெளியே பூட்டிட்டுப் போறானா?" என்று கேட்டேன்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். "என்கிட்டதான் இருக்கு. அதாங்க கஷ்டம். அவன் பூட்டியிருந்தா உடைச்சிட்டு வந்திருப்பேன்."

கீழே ஆட்டோ நிற்கிறது, மார்க்கெட்டில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துவிடு, என் பெயரும் நிமிரும் என்றேன். அவள் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அம்மா இருக்கான்னு தெரிஞ்சா படம் படுத்துடுமாம். ஒருத்தி உசிரோட இருக்கிறது ஒருத்தனுக்கு நட்டமாங்க?"

கிளம்பும்போது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் செய்த சத்தியம். அவளை அடைத்த பெட்டியில் என்னையும் போட்டு மூடியது போல ஆயிற்று. நான் தோடு திருடவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி அவள்; அந்தச் சாட்சியை நான் காட்டக் கூடாது.

மார்க்கெட் சும்மா இருக்குமா? தராசில் தார் ஏறும்போதே, "முதலாளி, தோடு பவுன் எவ்வளவு தேறுச்சு?" என்று நசுருதீன் பாய் எதிர்க்கடையிலிருந்து கேட்பார். நண்பர்தான், கேலிதான். ஆனால் சுற்றி நிற்கிறவன் கேலிக்கா சிரிக்கிறான்? துறையூர்க்காரர் ஒருவர், இருபது வருஷம் என் மண்டிக்குச் சரக்கு அனுப்பியவர், லாரியை வேறு மண்டிக்குத் திருப்பினார். வீட்டில் பெண்டாட்டி கேட்டது சரி, பேத்தி யாழினியும் கேட்டாள், அப்படியெல்லாம் செய்தீர்களா தாத்தா என்று. இந்த ஊரில் என் பெயருக்கு நான் கொடுத்த விலை என்ன என்று எனக்குத் தெரியும். அது போவதைக் குனிந்த தலையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் பாப்பாயியின் சத்தியம். மூடினால் பாப்பாயியின் தோடு.

மாசியில் அன்பு என் வீட்டுக்கு வந்தான். கறுப்புக் கண்ணாடி, தொப்பி. கண்ணாடியைக் கழற்றியதும் பழைய பையன்தான். கவர் ஒன்றை மேஜை மேல் வைத்தான். அதில் ஐம்பதாயிரம். அம்மா வாங்கியதும், அதற்கு மேலும். இதை வாங்கிக்கொண்டு எல்லாம் தீர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா என்றான். நாற்பது வருஷம் காசைப் பார்த்தவன் நான். அந்தக் கவர் எவ்வளவு பெரிய குழி என்று பார்த்ததுமே தெரிந்தது. அதை நான் தொட்டால், செத்தவள் கடனை மகனிடம் வாங்கியவன் ஆகிவிடுவேன். படம் அன்றைக்குத்தான் உண்மையாகும்.

"வாங்குனவ குடுக்கட்டும். அவ கையால வந்தாத்தான் அது என் பணம்" என்றேன்.

உண்மைக் கதை என்றுதானே போட்டாய் என்று கேட்டேன். உண்மைச் சம்பவங்களைத் தழுவியது என்றுதான் ஐயா போட்டோம் என்றான்.

"தழுவுன கையாலேயே கழுத்தையும் நெரிச்சிட்டியேப்பா."

அவன் தலை குனிந்தான். பிறகு சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"நானும் மாட்டிக்கிட்டேங்க. எந்த மேடைக்குப் போனாலும் அம்மா பாட்டுதான் கேக்குறாங்க. பாடுனா எல்லாரும் அழறாங்க, நானும் அழறேன். சில நாள் நிஜமாவே போயிட்டாங்களோன்னு பயந்து ராத்திரி போன் பண்றேன்."

கவரை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனான்.

ஆறு மாதம் என்றது நீண்டது. தியேட்டர் முடிந்ததும் மொபைலில் வரும் என்றார்கள். அதற்குப் பிறகு டிவியில். பாப்பாயி சும்மா உட்காரத் தெரியாதவள். கீழே பூக்கடை வைத்திருந்த பெண் காலையில் உதிரிப்பூவைக் கொடுத்துவிட்டுப் போவாள். மாலையில் கட்டிய சரத்தை வாங்கிப் போவாள். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. மகனுக்குத் தெரியாது. அவள் கட்டிய பூ பெருமாளிடம் போயிற்று. அவளால் போக முடியவில்லை.

ஆடி மாதம் பிறந்து அமாவாசை நெருங்கியது. அவள் ஜன்னலுக்கு எதிரே ஒரு பேனர் கட்டினார்கள். 'எம்.சி. கொள்ளிடம் தன் அன்னை பாப்பாயி அம்மாளுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம். நேரலை. அன்னதானம்.' ரசிகர் மன்றமும் படக் கம்பெனியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. அவள் பெயருக்கு மேலே நடிகையின் முகம்.

அன்று மாலை எனக்குப் போன் செய்தாள்.

"இத்தனை மாசம் செத்துக் கிடந்தேங்க. அவன் பொழைப்புன்னு கிடந்தேன். எள்ளும் தண்ணியும் விடுறாங்களாம். உசிரோட இருக்கிற பெத்தவளுக்கு எள்ளு இறைச்சா, அது என்னை ஒண்ணும் பண்ணாது. அவனைத்தானே சுத்தும்?"

அவனிடம் சொன்னாயா என்றேன். சொன்னாளாம். ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டது அம்மா, சும்மா கையில் தண்ணீர் விடுவதுதானே என்றானாம். இனி அவன் கையில் இல்லை, கம்பெனி கையில் இருக்கிறது என்றானாம்.

நேராக அம்மா மண்டபத்துக்கே போய் அவன் முன்னால் நின்றுவிடு, கேமரா எல்லாம் இருக்கும், ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னேன். எனக்கு அதுதான் பெரிய காட்சியாகத் தெரிந்தது. என்னையும் சினிமா கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது போல.

"அங்க போயி நின்னா என் புள்ளைய ஊர் முன்னாடி நானே அடிச்ச மாதிரி. மார்க்கெட்டுக்கு வந்தா நான் கடன் குடுக்க வந்தவ. அதுல யார் என்ன சொல்லிட முடியும்?" சற்று நிறுத்தி, "நாளைக்குக் காலையில மண்டியில இருப்பீங்களா?" என்றாள்.

அமாவாசைக்கு முந்தின காலை என்றால் காந்தி மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. படையலுக்கு வாழைக்காய், இலை, அகத்திக்கீரை என்று ஜனம் மொய்க்கும். மறுநாள் அன்னதானத்துக்கு இலை கட்ட ரசிகர் மன்றத்துப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், சட்டையில் கொள்ளிடத்தின் படத்தோடு. நான் தராசு பக்கத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை.

ஸ்ரீரங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, இலைக்காரர் வரிசை வழியாகத்தான் வந்தாள். பழைய நீலப் புடவை. முதலில் பார்த்தவள் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டாள். சத்தமெல்லாம் வரிசை வரிசையாக அடங்கியது. பாப்பாயி தன் போட்டோவுக்கு முன்னால் நின்று மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை மாசமாச்சு, சருகா கிடக்கு. புதுசு வாங்க ஒருத்திக்கும் மனசு வரலையாடி?"

அவ்வளவுதான். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு கதற, இன்னொருத்தி கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். நசுருதீன் பாய் எதிர்க்கடையிலிருந்து இறங்கி வந்தார். கிண்டல் ஒன்றும் வாயில் வரவில்லை. கொள்ளிடம் சட்டை போட்ட பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். பிடித்தால் பிடிக்கட்டும். படித்துறையில் அவன் உட்காருவதற்குள் இது அவன் கைக்குப் போய்விடும். அதற்காகத்தானே இவள் இன்றைக்கே வந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் தராசுக்கு முன்னால் வந்தாள். மூக்குத்தி, காதில் தோடு, எல்லாம் இருந்தது.

"கையை நீட்டுங்க ஐயா."

நீட்டினேன். சுருக்குப் பையை அவிழ்த்தாள். பூ கட்டிய கூலி. பத்தும் இருபதும் ஐம்பதும் நூறுமாக, மல்லிகை வாசனையோடு. முதல் நோட்டை என் உள்ளங்கையில் வைத்து, நாலு கடை தாண்டிக் கேட்கிற அந்தக் குரலில் தொடங்கினாள்.

"லாபம்."

மார்க்கெட்டே கேட்டுக்கொண்டு நின்றது. "ரெண்டு. மூணு." கை கனத்தது, இன்னொரு கையையும் சேர்த்து ஏந்தினேன். அவசரப்படவில்லை, ஒன்றையும் விட்டுவிடவில்லை. கடைசியில், இருபதாயிரத்தை நிறைவாக்க, இரண்டாக மடித்த ஒரு பத்து ரூபாய் நோட்டை நீவி நேராக்கி, குவியலின் மேலே வைத்தாள்.